கணக்கு வகுப்பும் வீடும்: புத்தளக் கரையில் ஒரு வரலாறு

பிள்ளை பள்ளிக்கூடத்தில் என்ன கணக்குப் படிக்கிறது என்பதை வீடு அறிந்துகொண்ட வழி, இலங்கையின் வடமேற்கே உள்ள புத்தளக் கரையில் காலத்துக்குக் காலம் மாறி வந்திருக்கிறது. முதலில் அந்தச் சேதி பிள்ளையின் வாய்வழியாகவே வீட்டுக்கு வந்தது. தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் நடந்த திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியே கணக்குப் புத்தகம். முழு எண்களின் வாய்பாட்டை மனனம் செய்த பின் கீழ்வாய் இலக்கங்கள் எனப்படும் பின்னங்கள் வரும்: மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. மணலில் விரலால் எழுதிப் பழகியவற்றைப் பிள்ளை உரக்க ஒப்பிக்கும்போது எங்கே தடுக்குகிறது என்பது கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

கடல் வணிகத்தாலும் உறவுமுறையாலும் கற்பிட்டி, புத்தளம், சிலாபம் ஆகிய ஊர்கள் இதே கணக்குலகத்தைச் சேர்ந்தவை. 1344இல் உலகப் பயணி இப்னு பதூதா புத்தளத்தில் வந்திறங்கியபோது யாழ்ப்பாண மன்னரான ஆரியச்சக்கரவர்த்தி அவருக்கு முத்துகளைக் காட்டினார். மன்னார் வளைகுடாவின் முத்து வணிகத்துக்கு நுட்பமான கணக்கு வேண்டும். முத்தை மஞ்சாடி என்ற சிறு நிறையலகில் நிறுத்து, அந்த நிறையை அதே நிறையால் பெருக்கியே மதிப்பைக் கண்டார்கள். இரு மடங்கு நிறையுள்ள முத்து இரு மடங்கு விலையோடு நிற்பதில்லை என்பதே காரணம். பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கத் தெரியாதவன் அந்தச் சந்தையில் ஏமாந்துபோவான். உப்பு, கருவாடு, சங்கு, தேங்காய் ஆகியவற்றின் வணிகத்திலும் அளவும் பங்கும் பிசகக் கூடாது. பிள்ளை ஒப்பித்த கணக்கே தகப்பனின் தொழிலிலும் புழங்கியதால், பிழை திருத்த ஆசிரியரின் துணை வேண்டியிருக்கவில்லை.

ஒல்லாந்தர் கற்பிட்டியில் கோட்டை கட்டியது 1667க்கும் 1676க்கும் இடையில். அவர்கள் ஆட்சியில் நடந்த கோவிற்பற்றுப் பள்ளிகளில் ஞானோபதேசமும் வாசிப்பும் எழுத்தும் முதன்மை பெற்றன. கணக்குக்குப் பெரிய இடமில்லை. தோம்பு எனப்பட்ட பள்ளிப் பதிவேட்டில் ஞானஸ்நானமும் திருமணமும் பதியப்பட்டன. வராத பிள்ளைக்காகப் பெற்றோர் தண்டம் கட்டினார்கள்.

ஆங்கிலேயர் காலத்தில் வந்த மாற்றம் ஆழமானது. 1807இல் கற்பிட்டியில் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை பற்றிய விவர அகராதியை வெளியிட்ட காலத்திலேயே நாணய முறை மாறிக்கொண்டிருந்தது. பணமும் துட்டும் இறைசாலும் ஒதுங்கி, பவுணும் சில்லிங்கும் வந்தன. 1872இல் நூறு சதம் ஒரு ரூபாய் என்று ஆனது. இந்தியா இத்தகைய தசம நாணயத்துக்கு 1957 வரை காத்திருந்தது. தசமம் வந்ததும் முந்திரியும் காணியும் பள்ளியிலிருந்து விலகத் தொடங்கின. தாத்தாவின் கணக்கு வேறு, பேரனின் கணக்கு வேறு என்ற நிலை இங்கேதான் தொடங்குகிறது.

1869இல் கல்வித் திணைக்களம் அமைந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் எத்தனை பிள்ளைகள் தேறினார்கள் என்பதைப் பரிசோதகர் பார்த்தே பள்ளிகளுக்கு நன்கொடைப் பணம் தரும் முறை வந்தது. பிள்ளையின் கணக்கறிவு முதன்முறையாகத் தாளில் ஏறியது. ஆனால் அந்தத் தாள் போனது அரசாங்கத்துக்கு, வீட்டுக்கு அல்ல. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரைத் தண்டிக்க வழி செய்தது. வீட்டோடு பள்ளி பேசிய பேச்சு வரவைப் பற்றியதாகவே இருந்தது. படிப்பைப் பற்றி அது பேசவில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கரையில் இன்னொரு பிளவு நேர்ந்ததும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். 1939இல் சிலாப மறைமாவட்டம் உருவானது. அதன் ஆயர் எட்மண்ட் பீரிஸின் காலத்தில் கரையோரக் கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் சிங்களம் பயிற்றுமொழியானது. வீட்டில் தமிழ், வகுப்பில் சிங்களம் என்று வளர்ந்த பிள்ளைக்குக் கணக்கில் உதவ நினைத்த தாய்க்குக் கேள்வியே விளங்கவில்லை. ஒரு தலைமுறை இழந்த இந்தத் துணையை எந்தப் புள்ளிவிவரமும் காட்டாது. உடப்பு, கற்பிட்டி, புத்தளம் ஆகிய இடங்களில் தமிழ்மொழிக் கல்வி தொடர்ந்தது.

அங்கும் 1972ஆம் ஆண்டின் பாடத்திட்ட மாற்றம் ஒரு சுவரை எழுப்பியது. அதன்பின் எண்கணிதம், அட்சரகணிதம், கேத்திரகணிதம் மூன்றும் ‘கணிதம்’ என்ற ஒரே பாடமாக எல்லா மாணவருக்கும் கட்டாயமாயின. தொடைகளும் வரைபுகளும் புதிதாக வந்தன. எண்கணிதம் மட்டும் படித்த பெற்றோர் அவற்றைக் கண்டு ஒதுங்கியதில் வியப்பில்லை. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தது. கணக்குகளே அச்சில் வீடு தேடி வந்தன.

முன்னேற்ற அறிக்கையால் அந்த அளவு பயன் விளையவில்லை. தவணைக்கு ஒருமுறை வரும் அந்த அட்டையில் கணிதத்துக்கு 43 என்று இருக்கும். பெற்றோர் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பிள்ளை இடறுவது பின்னத்திலா, திசைகொண்ட எண்களிலா, சமன்பாட்டிலா என்பதை அந்த 43 சொல்லாது. சொன்னாலும் தவணை முடிந்துவிட்டிருக்கும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பகுதி புத்தளத்திலும் கற்பிட்டிக் குடாநாட்டிலும் வந்து தங்கியது. அகதிப் பிள்ளைகளால் வகுப்புகள் நிரம்பின. பிற்பகலிலும் பாடசாலை நடந்தது. அந்த நெருக்கடியில் ஒவ்வொரு வீட்டோடும் பேச ஆசிரியருக்கு நேரம் ஏது?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்பு வட்ஸ்அப் குழுவுக்கு மாறியது. இந்த வாரப் பாடம் எது, செய்ய வேண்டிய பயிற்சி எது, கரும்பலகையில் செய்து காட்டிய மாதிரிக் கணக்கு எது என்பதெல்லாம் பெற்றோரின் கைப்பேசிக்கே வந்தன. ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதாம் தரம் வரையிலான பிள்ளைகளுக்கு இந்த வாரச் சேதி மிகவும் தேவை. ஆரம்பக் கணக்கை வீட்டில் எப்படியாவது சொல்லிக் கொடுத்துவிடலாம். அட்சரகணிதம் தொடங்கும் இந்த நாலு ஆண்டுகளில்தான் வீடு பின்தங்குகிறது. மாதிரிக் கணக்கு ஒன்று படிப்படியாகச் செய்து காட்டப்பட்டிருந்தால், படிப்பை இடையில் விட்ட தகப்பனும் பிள்ளையின் விடையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். வலைக்குப் போன தகப்பனும் வளைகுடா நாட்டில் வேலை செய்யும் தாயும் தொலைவிலிருந்தே அதைப் பார்க்கலாம்.

நல்ல கைப்பேசி இல்லாத வீடுகள் கரையில் இன்னும் உண்டு. அந்த வீடுகளுக்கு, பிள்ளையின் கொப்பியில் வாரம் ஒருமுறை இரண்டு வரியும் ஒரு மாதிரிக் கணக்கும் ஆசிரியர் கையால் எழுதி அனுப்பினாலும் போதும். அதை எழுத ஆசிரியருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பாடசாலையின் கடமை.