சுரண்டியும் களைகொல்லியும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளில் மழை மிகுதி. மழையோடு களையும் மிகுதி. மருந்து அறியாத காலத்தில் அக்களையை அகற்றியது சுரண்டி என்னும் கைக்கருவியே. புல்லொன்றும் தென்படாத தோட்டமே சீரிய தோட்டம் என்று துரைமார் எண்ணினர். சுரண்டி புல்லை மட்டுமா எடுத்தது? சரிவிலிருந்த மேல்மண்ணையும் பெயர்த்து மழைநீரோடு ஆற்றுக்கு அனுப்பியது. தோட்டத்தின் அந்தத் துப்புரவுக்கு மண்ணே விலையாயிற்று.

பின்னர் மருந்துகள் வந்தன. தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறு வண்டை ஒழிக்க, இலங்கைத் தோட்டங்களில் டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. இலைசுருட்டிப் புழுவை அடக்குவதற்கென 1930களில் ஜாவாவிலிருந்து தருவிக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவியையும் அம்மருந்து கொன்றது. காவலன் மாண்டதும் புழு பெருகிற்று. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது அதற்கு வெகுகாலம் பின்னரே.

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள ஹட்சன் என்னும் சிற்றூர், 1991இல் தன் எல்லைக்குள் வேறொரு வழியிற் சென்றது. வீட்டுப் புற்றரையின் அழகுக்காக மருந்து தெளித்தலை ஊர்ச்சபை விதியால் தடுத்தது. மருந்தடிக்கும் நிறுவனங்கள் வழக்காடின. 2001இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஊர்ச்சபையின் அதிகாரத்தை உறுதிசெய்தது. அங்கே களை கண்ணை உறுத்துவது. விதியை இயற்றியதும் அவ்வூரின் சபையே.

சபரகமுவவுக்கு வந்த விதியோ வேற்றிடத்தில் முளைத்தது. உலர்வலய நெல் விவசாயிகளை வாட்டிய சிறுநீரக நோயை முன்னிட்டு, 2015இல் கிளைபோசேட் இறக்குமதி நாடெங்கும் தடைசெய்யப்பட்டது. நோய்க்கு அம்மருந்துதான் காரணம் என்பது ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் அநுராதபுரத்து வயலை நினைத்து இயற்றிய கட்டளை, இரத்தினபுரித் தேயிலை மலைக்கும் கேகாலை இறப்பர் காட்டுக்கும் ஒருங்கே பொருந்திற்று. ஆட்கள் குறைந்துவிட்ட தோட்டங்களிற் களை எடுக்கக் கை போதவில்லை. வேறு களைகொல்லிகள் புகுந்தன. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சம் ஜப்பானுக்குச் சென்ற தேயிலையிற் கண்டறியப்பட்டது. நஞ்சைத் தவிர்க்க வந்த தடை மற்றொரு நஞ்சுக்கு வழிதிறந்தது விந்தையே!

2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021 மே மாதத்தில் இரசாயன உரமும் பீடைகொல்லிகளும் சேர்த்துத் தடுக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் அதுவும் கைவிடப்பட்டது. இத்தனை கட்டளைகளிலும் நோயும் ஏற்றுமதியும் விளைச்சலும் பேசப்பட்டன. மருந்துத் தாங்கியை முதுகிற் சுமந்து மலையேறும் தொழிலாளியும், தேயிலைச் செடிக்கு அணித்தே லயத்தில் வாழும் அவர் குடும்பமும் அரிதாகவே பேசப்பட்டனர். தடை இருந்த நாளிற் சுரண்டியும் கத்தியும் அவர் கைக்கே வந்தன; தடை நீங்கிய நாளில் தாங்கி அவர் முதுகுக்கே திரும்பிற்று.