சுங்கம் பிடித்த நகைக்கு ஒரு மாதத் தவணை
பசறைப் பக்கத் தோட்டமொன்றில் எங்கள் லயத்து அக்கா, மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்த வளையல்களை விமான நிலையச் சுங்கத்தில் பறிகொடுத்தார். கொடுத்த சீட்டைப் பெட்டியில் வைத்துவிட்டு, நீதிமன்றம் கூப்பிடும் என்று காத்திருந்தார்.

பறிமுதலுக்கு நீதிமன்றம் கூப்பிடவே தேவையில்லை. 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின் 154ஆம் பிரிவுப்படி, பொருளுக்கு உரியவர்தான் பிடித்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் உரிமை கோரி, பிணையும் வைத்து, வழக்குத் தொடர வேண்டும். தவறினால் பொருள் அரசுக்கே. தீர்வை கட்டியதை நிரூபிக்கும் பொறுப்பும் 152ஆம் பிரிவுப்படி அவருடையதுதான். சாதாரண குற்ற வழக்குக்கு நேர் எதிர் இது.

பதுளையில் சட்டத்தரணியிடம் நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன். அவர் முதலில் பார்த்தது சீட்டிலிருந்த திகதியை. மூன்று மாதம் கடந்திருந்தது.