கோதுமை கப்பலில் வந்த கதை

மூணு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ராத்திரி, அடுக்களையில் இருந்த டப்பா ஒவ்வொன்றையும் எடுத்து லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். மகளுக்குச் சீலியாக் நோய் என்று உறுதியாகி அன்றைக்கு இரண்டாவது நாள். கோதுமை, பார்லி, ரை இந்த மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஆயுசுக்கும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சப்பாத்தி, புரோட்டா, பிஸ்கட், ரவை, சேமியா என்று ஒரு பட்டியல் போட்டு ஒட்டியாச்சு. சோறும் மீன் குழம்பும் சாப்பிடும் வீடுதானே, பெரிய கஷ்டம் இல்லை என்றுதான் நினைத்தேன்.

கடைசியில் கையில் எடுத்தது பெருங்காய டப்பா. பொடி எழுத்தில் போட்டிருந்தது: கோதுமை மாவு.

கடையில் விற்கும் பெருங்காயம் பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கம் ஒரு செடியின் வேரைக் கீறி எடுக்கிற பிசின்தான் அசல் சரக்கு. அதன் காரத்தையும் வாடையையும் தணிக்கக் கருவேலம் பிசினோடு மாவும் சேர்ப்பார்கள். சில கம்பெனிகள் அரிசி மாவு சேர்க்கின்றன, பலர் கோதுமை அல்லது மைதா. ஆக, எங்கள் வீட்டு ரசத்திலும் சாம்பாரிலும் இத்தனை வருஷமாகக் கோதுமை இருந்திருக்கிறது. யாரும் அதைக் கோதுமை என்று நினைக்கவில்லை. கோதுமையே விளையாத இந்தக் கரையில் அது எப்படி ரசம் வரைக்கும் வந்தது என்று அன்றைக்குத் தோன்றிய கேள்விதான் இந்தக் குறிப்புகளுக்கு ஆரம்பம்.

மாலுமிகளின் தானியம்

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிய 'எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ்' என்ற கையேடு இருக்கிறது. எந்தத் துறைமுகத்துக்கு எதைக் கொண்டுபோகலாம், எதை வாங்கி வரலாம் என்று சொல்லும் வியாபாரக் குறிப்பு. நம் கொற்கையைக் 'கொல்கோய்' என்று குறிப்பிட்டு, பாண்டியர் ஆட்சியில் அங்கே தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. எனக்கு வேண்டிய வரி அதற்குக் கொஞ்சம் முன்னால், மேற்குக் கரையின் முசிறித் துறைமுகங்களைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. அங்கே இறக்குமதியாகும் சரக்குகளின் பட்டியலில் தானியமும் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அது கோதுமை. ஆனால் கப்பல்காரர்களின் தேவைக்கு மட்டும் போதுமான அளவு, ஏனென்றால் உள்ளூர் வணிகர்கள் அதைத் தொடுவதில்லை என்ற பொருளில் எழுதியிருக்கிறான்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் தென்கோடியில் கோதுமைக்கு இருந்த இடம் இவ்வளவுதான். வந்தவன் தனக்குக் கட்டிக்கொண்டு வந்த சோத்து மூட்டை.

பீடத்து அப்பம்

அடுத்து அது வந்தது பீடத்துக்கு. 1530-களின் நடுவில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிக் கத்தோலிக்க மறைக்குள் வந்தார்கள். 1542-ல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தார். பூசை வந்தால் அப்பமும் வர வேண்டும். அந்த அப்பம் கோதுமையில்தான் செய்யப்பட வேண்டும் என்பதை 1439-லேயே புளோரன்ஸ் சங்கம் எழுதி வைத்துவிட்டது. அரிசியில் செய்தால் செல்லாது. தேரிமணலும் உப்பளமும் பனையும் உள்ள பூமியில் கோதுமைக்கு எங்கே போவது? கப்பலில்தான் வந்திருக்க வேண்டும்.

இதில் சொல் ஒன்று என்னை நிறுத்தியது. கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ரொட்டிக்குப் போர்ச்சுகீசியச் சொல்லையே எடுத்துக்கொண்டு 'பாண்' என்றார்கள். நம் தமிழ் விவிலியத்திலும் பூசையிலும் நிலைத்தது 'அப்பம்'. அரிசி மாவில் செய்யும் பண்டத்தின் பெயரைக் கோதுமைக்குக் கொடுத்துவிட்டோம். நாலு தலைமுறை போனால் அது அந்நியம் என்ற நினைப்பே இருக்காது.

ரேஷன் கோதுமை

பீடத்தில் இருந்த கோதுமை அன்றாடச் சாப்பாட்டுக்குள் வந்தது பஞ்சத்தின் வழியாக. சென்னை மாகாணம் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து நின்றது. ரேஷன் வந்தது. அரிசி போதாத இடத்தில் வேறு தானியத்தைத் தின்னப் பழக்கினார்கள். விடுதலைக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. 1956-ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு, ரூபாயில் விலை கொடுத்துக் கோதுமை வாங்க ஆரம்பித்தோம். 1965, 66 வறட்சியின்போது கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அப்புறம் பசுமைப் புரட்சி; வடக்கே கோதுமை குவிந்தது. மலிவான மைதா தெருமுனை வரைக்கும் வந்தது. தூத்துக்குடியில் பொழுது சாய்ந்தால் கேட்கும் புரோட்டாக் கல் சத்தம் நமக்குப் பழமையாகத் தோன்றினாலும், கொற்கையின் வயசோடு வைத்துப் பார்த்தால் நேற்றுப் பிறந்தது.

எங்க அம்மா சின்ன வயசில் ரேஷன் கோதுமையைக் கழுவிக் காயப்போட்டதைச் சொல்வாள். "கஞ்சியாக் காச்சிப் பாத்தோம், களியாக் கிண்டிப் பாத்தோம். ஒண்ணும் எறங்கல. காய்ச்சக்காரங்களுக்குத்தான் அது" என்பாள். கோதுமைக் கஞ்சி நோயாளியின் சாப்பாடு என்ற எண்ணம் இப்படித்தான் எங்கள் வீட்டில் ஒட்டிக்கொண்டது. மகள் மெலிய மெலிய, வயிறு ஊத ஊத, கோதுமைக் கஞ்சியும் பார்லி மால்ட் பானமும்தான் கொடுத்தோம். "சீக்குப் புள்ளைக்கி இதக் குடுக்காம வேற என்னத்தய்யா குடுக்க?" என்று அம்மா கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அவள் மேல் தப்பே இல்லை.

டாக்டருக்கு ஏன் தோன்றவில்லை

இரத்த சோகை, பூச்சித் தொல்லை, சத்துக் குறைவு என்று இரண்டரை வருஷம் அலைந்தோம். ரொம்ப நாள் கோபம் இருந்தது. 2016-ல் வெளியான ஓர் ஆய்வைப் படித்ததும் கொஞ்சம் அடங்கியது. நாடு முழுக்க 23 ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பரிசோதித்த ஆய்வு. சீலியாக் நோய் வடக்கே 1.23 சதவீதம், தெற்கே 0.10 சதவீதம். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு, மூணு பேரில் ஒருத்தருக்கு. வித்தியாசம் தட்டில் இருக்கிறது: வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரி 455 கிராம், தெற்கே 25 கிராம். ஆயிரத்தில் ஒருத்தருக்கு வருவது ஒரு டாக்டருக்கு உடனே ஞாபகத்துக்கு வருவது சிரமம்தான். ஆனால் நம் தட்டில் இருப்பது இன்னும் அந்த 25 கிராம்தானா? சர்க்கரைக்குப் பயந்து ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிய வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கேள்வி வருகிறது.

நோய்க்குக் காரணம் கோதுமை என்று கண்டுபிடித்ததும் பஞ்ச காலத்தில்தான் உறுதிப்பட்டது. வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு 1930-களிலேயே சந்தேகம். 1944-45 பசிக் குளிர்காலத்தில் ஹாலந்து மக்கள் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் கொடுத்த ஆய்வேடு இதை நிலைநாட்டியது. நோயுள்ளவர்களுக்குக் குளூட்டன் பட்டால் உடம்பின் காவல்படையே சிறுகுடலின் குடலுறிஞ்சிகளை அழிக்கிறது. தின்றது ஒட்டாமல் போவது அதனால்தான். நிறுத்தினால் அவை திரும்ப வளரும். வேறு மருந்து இன்றுவரை இல்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் இருக்கிறது என்று தானாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்குப் போகக்கூடாது. நிறுத்தியபின் இரத்தத்திலும் குடலிலும் அடையாளம் மறைந்துவிடும். அதேபோல, இந்த நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர்கள் குளூட்டனை விடுவதால் தானாக ஆரோக்கியம் வந்துவிடாது. புரோட்டாவைக் குறைப்பது நல்லதுதான், அதற்குக் காரணம் வேறு.

ஏற்கெனவே இருந்தது

முதல் வருஷம் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சடித்த பாக்கெட்டுகளை ஆன்லைனில் வாங்கினோம். விலை மூன்று மடங்கு, ருசி மண். இரண்டாம் வருஷம்தான் புத்தி வந்தது. கோவில்பட்டி, விளாத்திகுளம் கரிசலில் விளையும் குதிரைவாலியும் கம்பும் சோளமும், உடன்குடிக் கருப்பட்டியும், உளுந்தங்களியும், பனங்கிழங்கும், புட்டும் இடியாப்பமும் எந்த அச்சும் இல்லாமலே குளூட்டன் இல்லாதவை. மாவு மட்டும் மில்லில் அரைக்கக் கொடுப்பதில்லை. அதே எந்திரத்தில் முன்னால் அரைத்த கோதுமை ஒட்டியிருக்கும். வீட்டிலேயே சின்ன அரவை. பெருங்காயம் இப்போது பிசின் கட்டிதான். கடைத்தோசை கிடையாது, கல் ஒன்றுதான், காலையில் தோசை, ராத்திரி புரோட்டா.

எங்க ஊர் மக்ரூன் தனிக் கதை. முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி, அவ்வளவுதான், மைதா இல்லை. ஐரோப்பாவில் பாதாம் போடும் இடத்தில் இங்கே முந்திரி. அந்த முந்திரியும் போர்ச்சுகீசியர் பிரேசிலில் இருந்து கொண்டுவந்ததுதான். ஆனால் அதே அடுப்பு, அதே தட்டில்தான் கேக்கும் வேகிறது. பேக்கரிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "புதுத் தட்டு ஒண்ணு வாங்கிக் குடுத்துருங்கண்ணே, அது பாப்பாவுக்குன்னே இருக்கட்டும். மாவு எடுக்கும் முன்னால முத ஈடு போட்டுத் தாரேன்" என்றார்.

புதுநன்மை

போன வருஷம் அவளுக்குப் புதுநன்மை. மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று கிடைத்தது, பீடத்து அப்பத்துக்குக் கிடைக்கவில்லை. அரிசி அப்பம் கேட்கலாமா என்று படித்துப் பார்த்தேன். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது என்று 2003-ல் வத்திக்கான் எழுதியது, 2017-ல் மறுபடியும் சொன்னது. அதே கடிதத்தில் வழியும் இருந்தது: குளூட்டன் மிகக் குறைந்த அப்பம் செல்லும், அதுவும் முடியாதவர்கள் இரசம் மட்டும் வாங்கினால் போதும், அது முழு நற்கருணைதான்.

பங்குச் சாமியிடம் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இன்னொரு சிக்கலையும் சொன்னேன். பூசையில் அப்பத்தைப் பிட்டு ஒரு துணுக்கை இரசக் கிண்ணத்தில் போடுவார்கள், அந்த இரசமும் அவளுக்கு ஆகாது. "அப்ப தனிக் கிண்ணம் வைப்போம்" என்றார்.

வெள்ளை உடுப்பில் முப்பது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். இவள் முறை வந்ததும் சாமி ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்தார். பின்னால் யாரோ, "இந்தப் பிள்ளைக்கு ஏன் அப்பம் குடுக்கல?" என்று கேட்டது காதில் விழுந்தது. அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அவளுக்கு அது வீட்டுல இருக்கு."

வீட்டில் ஆப்பச்சட்டி அடுப்பில் ஏறக் காத்திருந்தது. அரிசி மாவு முந்தின நாள் ராத்திரியே புளிக்க வைத்தது.