நாகமும் காரீயமும்

புத்தூரையும் அதன் அயலையும் சேர்ந்த பழைய பரியாரி வீடுகளில் ஏட்டுச் சுவடியோடு செந்தூர, பற்பச் சிமிழ்களும் இருந்தன. அவற்றுள் நாகபற்பம் என்பதன் பெயர் ஈண்டு ஆராயற்பாலது.

வடமொழி மருத்துவ நூல்களில் 'நாகம்' காரீயத்தைக் குறிக்கும். 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் அதனை வலிமையும் வீரியமும் தருவதெனப் புகழ்கின்றது. துத்தநாகத்துக்கு அங்கே 'யசதம்' என்பது தனிப்பெயர். சித்த மருத்துவத்திலோ நாகம் துத்தநாகமே. இலங்கைப் பாடநூல்களும் அவ்வாறே வழங்கின. ஒரு பெயர், இரு உலோகம். வடமொழி நூல்வழிச் செய்முறையொன்று தமிழேட்டிற் புகுமிடத்து, பெயரை மட்டும் நோக்கி மருந்து முடிப்பவன் எதனை உலையிலிட்டான்?

இவ்வினா சொல்லாராய்ச்சியோடு அமைவதன்று. இவ்விரு உலோகங்களும் ஆடவர் உடலில் எதிரெதிராகத் தொழிற்படுவன. 1975இல் ருமேனிய மின்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர் 150 பேரை ஆராய்ந்தபோது, காரீயம் மிகுதியாக உடலிற் சேர்ந்தோரிடம் விந்தணுக் குறைபாடு வெளிப்பட்டது. ஓமோன் அளவு பற்றிய முடிவுகள் அத்துணை ஒருமித்தனவல்ல. எனினும் காரீயம் விதைப்பையை மட்டுமன்றி அதனை ஏவும் மூளைச் சுரப்பியையும் தாக்கவல்லது. துத்தநாகமோ இன்றியமையாதது. பீகாரிற் பிறந்த ஆனந்த பிரசாத் 1960களில் ஈரானிலும் எகிப்திலும் பருவமடையாது குன்றிய இளைஞரிடம் அதன் குறைபாட்டை இனங்கண்டார். 1996இல் அவர் குழுவினர் இளைஞர் சிலரின் உணவில் துத்தநாகத்தைக் குறைத்தனர். 20 வாரத்தில் தெஸ்தெஸ்தெரோன் ஏறத்தாழ நான்கிலொரு பங்காகியது.

ஆகவே, வீரியம் வேண்டிக் காரீயம் உண்டவன் அதனை இழக்கவே வழிதேடினான். முறைப்படி புடமிட்டால் நஞ்சு நீங்கும் என்பர். புடத்தில் உலோகத்தின் வடிவம் மாறும். காரீயம் காரீயமாகவே எஞ்சும். 2004இல் வெளியான ஆய்வொன்றின்படி, பொஸ்டன் நகரையும் அதன் அயலையும் சேர்ந்த கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளுள் 14இல் ஈயமோ, இரசமோ, ஆசனிக்கோ காணப்பட்டது. எனினும் அது ஆயுர்வேதக் கணக்கு. சித்த மருத்துவத்தின்மேல் ஏற்றியுரைத்தல் நேர்மையன்று.

ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பரராசசேகரத்தை அச்சேற்றியிராவிடின் இத்தகைய ஆய்வுக்கு மூலமே அரிதாயிருக்கும். 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தொடங்கிய சித்த மருத்துவக் கற்கை, புத்தூருக்கு அணித்தான கைதடியில் நடைபெறுகின்றது. சுவடி வல்லாரும் இரசாயனம் வல்லாரும் அங்கே கூடியிருந்து, நாகம் வருமிடந்தோறும் எவ்வுலோகம் என வரையறுத்துப் பதிப்பொன்று தருதல் கூடும். எஞ்சிய சிமிழ்களைத் திறந்து சோதித்தலும் அவர்தம் பணியே.