தலைப்பிரசவத்துக்குப் போனவள் எத்தனை மாதம் இருந்தாள்?

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். அப்பா அம்மாவை வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்ப ஒன்றாகத்தான் விண்ணப்பித்திருக்கிறார். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, அப்பாவுக்கு வரவில்லை. "ஒரே வீடு, ஒரே குடும்பம், ஒரே பேங்க் கணக்கு. எப்படி சார் பிரிப்பார்கள்?" என்று கேட்டார். பிரித்துத்தான் பார்ப்பார்கள். நமக்குக் குடும்பம் என்பது ஒன்று. குடிவரவுச் சட்டத்துக்கு அது நாலு தனித்தனி ஆட்கள். இந்தப் பாடத்தை நம் ஆட்கள் கற்றுக்கொண்டது இலங்கையில், அதுவும் பெரிய விலை கொடுத்து.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. அதன்பின் மெட்ராஸில் ஒரு டிக்கெட் வாங்கினால் கொழும்பு வரை போகலாம். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். போட் மெயில் என்றால் எங்கள் தலைமுறைக்குத் தெரியும். பாஸ்போர்ட் கிடையாது, விசா கிடையாது. இரண்டு கரையும் ஒரே வெள்ளைக்காரன் கையில் இருந்ததால் தம்பி கல்யாணத்துக்கு வந்துவிட்டுப் போவது திருச்சிக்குப் போய்வருவது மாதிரிதான்.

ஆனால் எல்லோருக்கும் அது அவ்வளவு சுலபம் இல்லை. மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே இந்திய மண்ணில் ஒரு முகாம் நடத்தியது. கங்காணிக்குப் பின்னால் போன தோட்டத் தொழிலாளர்களை அங்கே சில நாள் நிறுத்தி வைத்து, தடுப்பூசி போட்டு, துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்து பிறகுதான் கப்பலேற்றினார்கள். 'மண்டபம் கேம்ப்' என்ற ஸ்டேஷன் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள்.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அந்த ஆண்டே குடியுரிமைச் சட்டமும் குடிவரவு, குடியகல்வுச் சட்டமும் வந்தன. குடிவரவுச் சட்டம் 1949 நவம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அக்கரையில் இருந்த அண்ணன் வீடு, அன்றிலிருந்து வெளிநாடு. போவதற்கும் தாள், தங்குவதற்கும் தாள், ஊருக்கு வந்தால் திரும்பிப் போவதற்கும் தாள்.

தாள் இல்லாமல் ராத்திரி வள்ளத்தில் கடந்தவர்களைக் 'கள்ளத்தோணி' என்றார்கள். பிறகு அது மலையகத்திலேயே பிறந்து வளர்ந்தவனையும் வைய உதவும் சொல்லாகிவிட்டது. தோணியையே கண்ணால் பார்க்காத பிள்ளைக்கும் அந்தப் பெயர்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1949-இல் வந்த இன்னொரு சட்டத்தைப் பற்றி. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிப்பதற்கான சட்டம் அது. 1946 ஜனவரி 1-க்கு முன்பு, கல்யாணமானவர் 7 ஆண்டும் ஆகாதவர் 10 ஆண்டும் இலங்கையில் இடைவிடாமல் வசித்திருக்க வேண்டும். 'இடைவிடாமல்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது. ஒரே மூச்சில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் வசிப்பு அறுந்துபோகும். கணவன் மட்டும் இருந்தால் போதாது, மனைவியும் சின்னப் பிள்ளைகளும் தொடர்ந்து அங்கேயே இருந்தார்களா என்றும் பார்த்தார்கள்.

நம் வீட்டு வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவாள். வளைகாப்பு, பிரசவம், பிள்ளைக்கு மொட்டை, காது குத்து என்று நாள் நீளும். மாமனாருக்கு உடம்பு சரியில்லை என்றால் இன்னும் ஆறு மாதம். ஊரில் இதை யாராவது கணக்கு வைப்பார்களா? கொழும்பில் வைத்தார்கள். தாய் வீட்டில் இருந்த நாட்கள், 'இவர்களுடைய வேர் இந்தியாவில்தான்' என்பதற்குச் சாட்சியாக மாறின. நான் வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பெண் பிள்ளைகள்தான் முதலில் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மறுபக்கம், இருந்ததை நிரூபிக்கவும் தாள் வேண்டும். லயத்தில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இருக்காது, இருந்தாலும் பெயர் வேறு மாதிரி எழுதியிருக்கும். முத்தையா ஒரு தாளில் முத்து, இன்னொன்றில் முத்துசாமி. ஏறக்குறைய 8 லட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

மற்றவர்களின் தலைவிதியை 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டு முடித்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வீடு விண்ணப்பம் வேறு வேறு. அண்ணன் இந்தியாவுக்கு எழுதியிருப்பான், தங்கையை இலங்கையில் கட்டிக்கொடுத்திருப்பார்கள். அப்படியே ஆளுக்கொரு நாடு. அந்த ஒப்பந்தம் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் தனுஷ்கோடியே போய்விட்டது. பிறகு வந்த குடும்பங்கள் ராமேஸ்வரத்தில் இறங்கின. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் இன்றைக்கும் அவர்கள் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கேயே தங்கியவர்களில் நாடற்றவர்களாக மிஞ்சியவர்களுக்கு இலங்கை ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது 2003-இல்தான்.

இந்தப் பக்கமும் ஒன்றும் தாராளமாக இருந்துவிடவில்லை. பாஸ்போர்ட் கொடுப்பதும் மறுப்பதும் அரசாங்கத்தின் இஷ்டமாகத்தான் இருந்தது. வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் முறையான பாஸ்போர்ட் சட்டம் வந்தது. அப்போதெல்லாம் பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே பிள்ளைகள் பெயரையும் எழுதிவிடுவார்கள். இப்போது கைக்குழந்தைக்கும் தனிப் புத்தகம், தனி விசா.

மாணவருக்கு நான் சொன்னது இதுதான். அப்பாவின் மறுப்புக் கடிதத்தில் எழுதியிருக்கும் காரணத்துக்கு மட்டும் பதில் தேடு, அம்மாவுக்குக் கிடைத்ததை வாதமாக வைக்காதே. ஆதாரிலும் பாஸ்போர்ட்டிலும் நிலப் பத்திரத்திலும் அப்பா பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். விசா கிடைத்தாலும் இறங்கும் இடத்தில் அதிகாரி கேள்வி கேட்பார். எத்தனை நாள் தங்கலாம் என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகும். அந்தத் தேதியை அம்மாவும் அப்பாவும் தனித்தனியே எழுதி வைத்துக்கொள்ளட்டும், இரண்டு பேருக்கும் ஒரே தேதி கொடுப்பார்கள் என்று இல்லை. பேரன் பிறந்தநாள் வரை இருந்துவிட்டு வருகிறோம் என்று ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினால், அடுத்த முறை அந்த ஒரு வாரம்தான் பேசும்.

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது அந்தக் காலத்து இலங்கை பாஸ்போர்ட், தாயகம் திரும்பியோர் குடும்ப அட்டை, போட் மெயில் டிக்கெட் ஏதாவது கிடந்தால் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். எண்களை மறைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். தாத்தா பாட்டி இருந்தால், எந்த வருஷம் எந்தக் கப்பலில் வந்தார்கள் என்று கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள்.