மூன்றாவது பெடல் திரும்பி வந்த கதை

கியர் மாற்றும் வேலையை ஓட்டுநரிடமிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று அமெரிக்க கார் கம்பெனிகள் பல வருடங்கள் பாடுபட்டன. கடைசியில் பிடுங்கியும் விட்டன! இன்று அமெரிக்காவில் விற்கும் புதுக் கார்களில் கிளட்ச் பெடல் உள்ளவை நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஆனால் அதே நாட்டில், 1960-களில் ஆட்டோமேட்டிக்காகவே தயாரான பழைய கார்களை வாங்கி, கைக்காசைச் செலவழித்து மேனுவல் கியருக்கு மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். அதிலும் பலர் கம்பெனி கொடுத்த பழைய முறையை விட்டுவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் பொருத்துகிறார்கள். இதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கிளட்ச் வந்ததும் போனதும்

1891-ல் பிரான்சின் பனார் லெவஸ்ஸோர் கம்பெனி ஒரு புது அமைப்பைக் கொண்டுவந்தது. முன்னால் இஞ்சின், அதற்குப் பின் கிளட்ச், அதற்குப் பின் கியர் பாக்ஸ், பின் சக்கரங்களுக்கு சக்தி. பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க ஓடிய கார்களுக்கு இதுதான் மூல வடிவம்.

அந்தக் காலத்து கியர் பாக்ஸில் ஒரு பல்சக்கரத்தை நகர்த்தி இன்னொன்றின் மீது நேரடியாக இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாவிட்டால் கரகரவென்று சத்தம் வரும், பல்லும் தேயும். இந்தத் தொல்லைக்குத் தீர்வாக 1928-ல் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் வந்தது. இதை உருவாக்கியவர் ஏர்ல் தாம்ப்சன். மேனுவல் கியரை எல்லோரும் சுலபமாகப் போடும்படி செய்த இதே மனிதர்தான், பின்பு மேனுவல் கியருக்கே முடிவு கட்டிய ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக்கை உருவாக்கிய ஜெனரல் மோட்டார்ஸ் குழுவுக்கும் தலைமை தாங்கினார்!

ஹைட்ரா-மேட்டிக் 1939-ல், 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்தது. அதில் கிளட்ச் பெடலே இல்லை. இஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஃப்ளூயிட் கப்ளிங் இருந்தது. அதன் மூலம் கப்பல்களுக்காக ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905-ல் கண்டுபிடித்த கருவி. இரண்டாம் உலகப் போரில் எம்-5 டாங்கிகளில் இரண்டு காடிலாக் இஞ்சின்களோடு இதே ஹைட்ரா-மேட்டிக் ஓடியது. போர்க்களத்தில் தாங்கியது ரோட்டில் தாங்காதா என்ற நம்பிக்கை மக்களுக்கு வந்தது.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1948-ல் பியூக், 1950-ல் விலை குறைந்த செவ்ரலே, 1951-ல் ஃபோர்டு என்று வரிசையாக ஆட்டோமேட்டிக் வந்தது. கிளட்ச் மிதிப்பவன் கூடுதல் காசு கொடுக்க முடியாதவன் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

மஸ்டாங்: 2,368 டாலர், மற்றவை தனி

1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. ஆரம்ப விலை 2,368 டாலர். முதல் வருடத்திலேயே 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. அடிப்படை விலையைக் குறைவாக வைத்து ஆளைக் கடைக்குள் இழுப்பது, பிறகு நீண்ட ஆப்ஷன் பட்டியலைக் கையில் கொடுத்து லாபம் பார்ப்பது. இதுதான் அதன் வியாபாரத் தந்திரம்.

அடிப்படை விலைக்குக் கிடைத்தது மூன்று ஸ்பீடு மேனுவல். நான்கு ஸ்பீடு வேண்டும் என்றால் கூடுதல் காசு. சி-4 எனப்படும் மூன்று ஸ்பீடு ஆட்டோமேட்டிக் வேண்டும் என்றாலும் கூடுதல் காசு. டிரைவர் பக்கத்துக் கதவில் ஒரு சிறு தகடு அடித்திருப்பார்கள். அதில் கியர் பாக்ஸுக்கு ஒரு எண் உண்டு. 1 என்றால் மூன்று ஸ்பீடு, 5 என்றால் நான்கு ஸ்பீடு, 6 என்றால் ஆட்டோமேட்டிக். அன்று மக்கள் தேர்ந்தெடுத்தவற்றில் 6 நிறையவே இருந்தது.

ஆக, இன்று பழைய மஸ்டாங் தேடுபவர் கைக்கு 6 போட்ட கார் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அவர் மனதில் இருப்பது 1968-ல் வந்த "புல்லிட்" படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய நான்கு ஸ்பீடு மஸ்டாங்! ஆசைக்கும் சந்தைக்கும் நடுவில் உள்ள இந்த இடைவெளிதான் மாற்றும் தொழிலுக்கு முதலீடு.

ஐந்தாவது கியரின் கணக்கு

ஆசை மட்டும் காரணம் இல்லை, கணக்கும் இருக்கிறது. சி-4-ன் கடைசி கியர் 1:1. அந்தக் காலத்து நான்கு ஸ்பீடு மேனுவலிலும் கடைசி கியர் 1:1 தான். பெட்ரோல் மலிவாக இருந்த நாட்களில் அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. 1980-களில் போர்க்-வார்னர் டி-5 என்ற ஐந்து ஸ்பீடு பாக்ஸ் வந்தது, 1983-ல் மஸ்டாங்கிலும் ஏறியது. 5.0 லிட்டர் மஸ்டாங்குகளில் பரவலாக வந்த டி-5-ல் ஐந்தாவது கியர் விகிதம் 0.68. அதாவது 1:1 கியரில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் அதே வேகத்தில், ஐந்தாவது கியரில் 2,040 சுற்று போதும். இரைச்சல் குறையும், தேய்மானம் குறையும், பெட்ரோலும் மிச்சமாகும். பழைய காரை ஷெட்டில் வைத்துப் பார்க்காமல் ஓட்ட நினைப்பவருக்கு இது பெரிய விஷயம்.

மாற்றுவதில் உள்ள கண்ணிகள்

டார்க் கன்வெர்ட்டரும் அதைத் தாங்கும் மெல்லிய தகடும் வெளியே வரும். அந்த இடத்தில் கனமான ஃப்ளைவீல், கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், கிராங்க் முனையில் பைலட் பேரிங் ஆகியவை போகும். அகலமான பிரேக் பெடலுக்கு பதில் இரண்டு பெடல்கள் வரும். கியர் பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம் மாறும். டிரைவ் ஷாஃப்ட் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்.

ஏமாற வாய்ப்புள்ள இடங்கள் இரண்டு. முதலாவது பெல் ஹவுசிங். 1964 ஆகஸ்ட் வாக்கில்தான் ஃபோர்டின் சிறிய வி-8 இஞ்சின்களில் இதைப் பிடிக்கும் போல்ட்டுகள் ஐந்திலிருந்து ஆறாகின. அதற்கு முன் தயாரான மஸ்டாங்கில் பிந்தைய கால பெல் ஹவுசிங் உட்காராது. இரண்டாவது ஃப்ளைவீல். பழைய 289 இஞ்சினுக்கு 28 அவுன்ஸ்-இஞ்ச் சமநிலை எடை, 1980-களின் 5.0 இஞ்சினுக்கு 50. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். மாற்றிப் போட்டால் இஞ்சின் நடுங்கும், பேரிங் போகும்.

இன்னொரு சின்ன விஷயம். ஆட்டோமேட்டிக் கார் 'பார்க்' அல்லது 'நியூட்ரலில்' மட்டுமே ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த ஒயரை கவனிக்காவிட்டால், எல்லா வேலையும் முடிந்த பிறகு கார் ஸ்டார்ட்டே ஆகாது!

ஏன் ஹைட்ராலிக்?

மஸ்டாங்கின் பழைய கிளட்ச் முழுக்க கம்பிகளால் ஆனது. பெடலை மிதித்தால் ஒரு தண்டு நகர்ந்து, இசட் பார் என்ற குறுக்குத் தண்டைத் திருப்பும். அது இன்னொரு தண்டைத் தள்ளி கிளட்சை விடுவிக்கும். இசட் பாரின் ஒரு முனை காரின் உடம்பில், மறுமுனை இஞ்சினில். இஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடும்போது இதன் நேர்த்தி கெடும். வேறு சைலென்சர் குழாய் போட்டாலோ அதற்கு இடமே இருக்காது.

ஹைட்ராலிக்கில் இந்தத் தண்டுகள் இல்லை. மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதிதான் அடிப்படை. 1921-ல் டியூசன்பெர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் ஹைட்ராலிக் பிரேக்கோடு வந்தது. அதே தத்துவம் கிளட்சுக்கும் போனது. 1955-ல் வந்த பிரிட்டிஷ் எம்.ஜி.ஏ காரில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே பெட்டியில் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இருந்தது.

பெடல் பக்கம் முக்கால் இஞ்ச் விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டர், கிளட்ச் பக்கம் ஒரு இஞ்ச் ஸ்லேவ் சிலிண்டர் என்று வைத்துக்கொண்டால், விசை சுமார் 1.78 மடங்கு ஆகும். ஆனால் மாஸ்டர் ஒரு இஞ்ச் நகர்ந்தால் ஸ்லேவ் 0.56 இஞ்ச் தான் நகரும். இரண்டும் சேர்ந்து கிடைக்காது. அளவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்று கால் வலிக்கும், அல்லது கிளட்ச் முழுசாக விடாது.

குறைகளும் உண்டு. பெடலுக்கு முன் உள்ள தகடு மெல்லியது, அதை வலுப்படுத்தாவிட்டால் மிதிக்கும்போது வளையும். குழாயில் காற்று புகுந்தால் பெடல் தளரும். ஸ்லேவ் சிலிண்டரை பெல் ஹவுசிங் உள்ளேயே வைத்திருந்தால், ஒரு சின்ன கசிவுக்குக் கூட கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்.

எது அசல்?

1966-ல் ஹெர்ட்ஸ் வாடகைக் கார் கம்பெனிக்காக கரோல் ஷெல்பி சுமார் 1,000 ஜி.டி.350-எச் மஸ்டாங்குகளைத் தயாரித்தார். முதலில் வந்த சில மட்டுமே நான்கு ஸ்பீடு, பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். ரேஸ் காரின் தம்பியை வாடகைக்கு எடுக்கும் சாதாரண ஆளுக்கு கிளட்ச் வேண்டாம் என்று ஒரு கம்பெனி அன்று முடிவு செய்திருக்கிறது. அந்த ஆட்டோமேட்டிக்கை இன்று ஒருவர் கழற்றிப் போட்டால், அந்த முடிவுக்கான சாட்சியையே அழிக்கிறார். சந்தையிலும் அப்படிப்பட்ட காரின் மதிப்பு இறங்கும்.

லட்சக்கணக்கில் தயாரான சாதாரண மஸ்டாங்குக்கு இந்த வாதம் அவ்வளவு பொருந்தாது. அசலாக வைத்து ஓட்டாமல் விடுவதற்கும் ஒரு வாய்ப்புச் செலவு உண்டு. ஓடாத காரில் ரப்பர் காயும், சீல் கசியும், துரு ஏறும். ஓட்ட ஆசை வரும்படி மாற்றப்பட்ட கார் உயிரோடு இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. பொறுப்பான சில மெக்கானிக்குகள் அதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். உடம்பை வெட்டுவதில்லை, துளைகளைக் குறைவாகப் போடுகிறார்கள். கழற்றிய சி-4, டார்க் கன்வெர்ட்டர், அகலமான பெடல் எல்லாவற்றையும் பெயர் எழுதிக் கட்டி வைக்கிறார்கள். முக்கியமாக, கதவில் உள்ள தகட்டைத் தொடுவதில்லை. காரில் மூன்று பெடல் இருக்கும், தகட்டில் 6 என்றே இருக்கும். நாளை அதை வாங்குபவருக்கு 1960-களில் ஒருவர் என்ன வாங்கினார், பிறகு ஒருவர் எதை மாற்றினார் என்ற இரண்டும் தெரியும். தகட்டை மாற்றி 5 என்று எழுதி, அசல் நான்கு ஸ்பீடு என்று விற்றால் அதற்குப் பெயர் மோசடி.