ஆள் இல்லாத நேரத்தில் பதிவு: கடிகாரம் யார் கையில்?

 தல்லாகுளத்துல இருந்து பேசுறேன். இன்னைக்கு எடுத்துக்கிட்ட விஷயம், நாம தூங்கும்போதோ வெளியே இருக்கும்போதோ டிவி நிகழ்ச்சியைத் தானாகவே பதிவு செய்து வைக்கிற வேலை. சின்ன வசதி மாதிரித்தான் தெரியும். ஆனா இதுக்காக அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்காங்க.

1975ல் சோனி நிறுவனம் பீட்டாமேக்ஸ் கொண்டு வந்தது. டைமர் வைத்துவிட்டு வெளியே போனால் டேப்பில் படம் பதிவாகிவிடும். யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. 1984 ஜனவரியில், 5க்கு 4 என்ற நூலிழைப் பெரும்பான்மையில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. நம்ம ஊர்ல யாரும் இப்படிச் சண்டை போட வேண்டியிருக்கலை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்காக ஒளிபரப்பைப் பதிவு செய்வதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

இங்க வீசிஆர் பெரும்பாலும் வாடகைக் கேசட்டு போட்டுப் படம் பார்க்கிற பெட்டியாகத்தான் வாழ்ந்தது. டைமரை யாரும் தொட்டதில்லை. கரண்டு ஒரு தடவை போனாலே கடிகாரம் 12:00ன்னு கண் சிமிட்ட ஆரம்பிச்சிரும், அப்புறம் எங்க டைமர் வைக்கிறது?

மாற்றம் கணினியில் வந்தது. 1999ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி பெட்டிகள் ஹார்டு டிஸ்கில் பதிவு செய்யத் தொடங்கின. 2002ல் ஐசக் ரிச்சர்ட்ஸ் என்பவர் லினக்ஸுக்காக மித்டிவி என்ற இலவச மென்பொருளைத் தொடங்கினார். மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் வந்ததும் அதே ஆண்டுதான். நம் பக்கத்தில் அப்போது அனலாக் கேபிள். ஒரு டியூனர் கார்டை மதர்போர்டில் செருகி, கேபிள் வயரை அதில் சொருகினால் போதும், எல்லாச் சேனலும் கணினிக்குள் வந்துவிடும். ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 2 ஜிபி. 80 ஜிபி டிஸ்க் என்றால் கணக்கைப் பாத்துக்கோங்க.

இதில் எனக்குப் பிடித்த பகுதி ஒலிதான். அன்றைய கார்டுகள் பலவற்றில் சத்தம் ஒரு சின்ன வயர் வழியாக சவுண்டு கார்டுக்குப் போகும். விடிகாலை 4 மணிக்குப் பதிவு தொடங்கினால், ஸ்பீக்கரும் சேர்ந்து அலறும்! வீட்டையே எழுப்பிரும். அதனால் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை மட்டும் மூடி, பதிவுக்குப் போகும் ஒலியைத் திறந்து வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். மிக்சரில் அது ரெண்டும் தனித்தனிக் குழாய் மாதிரி. சேனலுக்குச் சேனல் சத்தம் மாறுவது இன்னொரு தொல்லை. விளம்பரத்தின் ஒலி அளவுக்கு மீறி இருக்கக் கூடாது என்று 1994 கேபிள் விதிகளிலேயே உண்டு. எந்த அளவு என்று அதில் எண் இல்லை. காதுக்குக் கேட்கிற உரப்பை அளக்கும் சர்வதேச முறையே 2006ல்தான் வந்தது.

அப்புறம் மின்வெட்டு. 2008க்குப் பிறகு சில ஆண்டுகள், குறிப்பாக 2012ல், சென்னைக்கு வெளியே நிலைமை மோசம். வேலை இல்லாதபோது கணினி அணைந்திருக்கும். மதர்போர்டில் உள்ள நாணய பேட்டரிக் கடிகாரம் மட்டும் விழித்திருந்து, குறித்த நேரத்தில் அதை எழுப்பும். அந்த நிமிடம் பார்த்துக் கரண்டு இல்லையென்றால்? அலாரம் போனது போனதுதான். அதற்கு மருந்து பயாஸில் இருக்கும் ஒரு அமைப்பு: கரண்டு திரும்பியதும் தானே எழுந்திரு. எழுந்ததும் அட்டவணையைப் பார்த்து, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை மிச்சத்திலிருந்து பிடிக்கும். ஒண்ணும் இல்லைன்னா மறுபடி தூங்கும்.

அட்டவணையே தோற்றுப்போகும் இடம் எங்க தெருவிலேயே இருக்கு. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் எதிர்சேவை முடிந்து இரவு தல்லாகுளம் பெருமாள் கோயிலில் தங்கி, பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் வைகைக்குப் போகிறார். வழியில் மண்டகப்படிகள், கூட்டம். அழகர் அட்டவணைக்குக் கட்டுப்பட்டவரா? நிகழ்ச்சி நிரலில் போட்ட நேரத்தை நம்பி நேரலையைப் பதிவு செய்தால், ஆற்றில் இறங்குவதற்கு முன்பே பதிவு முடிந்துவிடும். முன்னும் பின்னும் தாராளமாக நேரம் சேர்க்க வேண்டும். 4 மணியிலிருந்து 8 மணி வரை, 8 ஜிபி போனாலும் போகட்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டாமா? 2020ல் கொரோனாவால் அழகர் ஆற்றுக்கே வரவில்லை. மீனாட்சி திருக்கல்யாணத்தை இணைய நேரலையில்தான் பார்த்தோம். பழைய பதிவுகளின் அருமை அந்த வருஷம்தான் புரிஞ்சது.

மின்வெட்டைச் சமாளித்தவர்களை மறைகுறியாக்கம் வென்றது. 2011 சட்டத் திருத்தத்துக்குப் பின் கேபிள் படிப்படியாக டிஜிட்டலாகி, செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. டியூனர் கார்டு குருடாகிப் போச்சு. ரிமோட் மாதிரியே அகச்சிவப்பு ஒளி அடித்து, பாக்ஸை ஏமாற்றிச் சேனல் மாற்ற வைக்கும் வழி ஒன்று உண்டு. அதைச் செய்தவர்கள் சிலரே. 2008ல் டாடா ஸ்கை பிளஸ் மாதிரிப் பதிவுப் பெட்டிகள் வந்தன. ஆனால் இந்த வகைப் பெட்டியில் பதிவு பெட்டிக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும். 39ஆம் பிரிவு சொன்னேனே, சட்டம் பதிவு செய்துகொள்ளச் சொல்கிறது, பெட்டி சாவியைத் தர மறுக்கிறது. பார்வையாளருக்கு நடந்த பெரிய நஷ்டம் இது என்பது என் எண்ணம். இதைப் பற்றி யாரும் சத்தம் போட்டதாகவும் தெரியலை.

ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கு. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்று தொடங்கி, இப்போது டிடி ஃப்ரீ டிஷ் ஆகியிருக்கும் தூர்தர்ஷனின் இலவச சேவை. அதில் பல சேனல்கள் பூட்டில்லாமலே வருகின்றன, 2024ல் டிடி தமிழ் என்று பெயர் மாறிய பொதிகை உட்பட. சாட்டிலைட் டியூனர் கார்டு ஒன்று, 93.5 டிகிரி கிழக்கை நோக்கித் திருப்பிய ஒரு சின்ன டிஷ், ஒரு பழைய கணினி. மதுரை மொட்டை மாடியில் டிஷ்ஷைத் தென்கிழக்கே திருப்பி, நன்றாக மேலே தூக்கி வைக்க வேண்டியிருக்கும்.